தியாகத்திற்கு எல்லை எது?

கோவை காந்திபுரத்தை ஒட்டிய மத்தியச் சிறையில், 1946ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள், சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். இராமையன், இரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்பன அவர்தம் பெயர்கள். அங்கிருந்து அவினாசிச் சாலைவழியே கிழக்கு நோக்கிச் சென்றால் பீளமேடு. 1965 மார்ச்சு 2ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்துத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட தண்டபாணியின் ஊர். வடக்கே சத்தியமங்கலம், அதே ஆண்டு பிப்ரவரியில் அவ்வாறே மறைந்த முத்துவின் ஊர். தெற்கே பொள்ளாச்சி; 1965 பிப்ரவரி 12ஆம் நாள் மக்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஊர். கிழக்கே திருப்பூர்; 1932 சனவரியில் காவலரின் தடியடிபட்டுக் குமரன் மடிந்த ஊர்.

கயிற்றில் தொங்கியோர், குண்டில் வீழ்ந்தோர், தடியடியில் சாய்ந்தோர், தம் கையாலே தம்மை முடித்துக்கொண்டோர் ஆகிய அனைவரையும் 'தியாகி' என்னும் ஒரே சொல்லால் கட்டிவைத்திருக்கிறோம். கட்டிவைப்பது எளிது. பிரித்துப் பார்ப்பது கடினம். பகுத்தறிவு என்னும் சொல்லிலேயே பகுத்தல் இருக்கிறதே, தோழர்களே! பகுத்துப் பார்ப்போம்.

ஒரு மக்கள் இனம் தன் தியாகிகளின் கதையை எப்படிச் சொல்கிறது? அக்கதையில் கொன்றவன் இருக்கிறானா, மறைந்துபோனானா? 'இந்த அளவுக்குத்தான் உயிர் கேட்போம், இதற்கு மேல் கேளோம்' என்று அந்த இனம் எங்கேனும் கோடு கிழித்திருக்கிறதா? இவ்விரண்டு கேள்விகளை உரைகல்லாகக் கொண்டு நம் இலக்கியத்தையும் நம் மேடையையும் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் பெரியபுராணத்தை எடுத்துக்கொள்வோம். 1943இல் அறிஞர் அண்ணா, சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியோடும் நிகழ்த்திய சொற்போருக்குப் பின், அந்நூலைக் கண்ணை மூடிக்கொண்டு போற்றும் காலம் மலையேறிவிட்டது. ஆயினும் அதில் வரும் நந்தன் கதையை இன்னொரு கோணத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவாரைப் பெயரளவில் குறித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனை விரித்தார். ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்தவன் தில்லைக்குச் சென்று கூத்தனைக் காண விழைகிறான். பிறவி தடுக்கிறது. இறைவன் கனவில் தோன்றி, தீயில் மூழ்கி எழுந்து வா என்கிறான். தில்லைவாழ் அந்தணரின் கனவிலும் தோன்றித் தீயமைக்கச் சொல்கிறான். நந்தன் நெருப்பில் இறங்குகிறான், பூணூல் அணிந்த முனிவனாக எழுகிறான், சந்நிதியில் மறைகிறான். மீண்டு வந்தவன் எவனும் இல்லை.

இதில் கொன்றவன் யார்? தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டான். தீ மூட்டியவன் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவன் ஆகிவிட்டான். கட்டளையிட்டவனோ அருள் புரிந்தவன் ஆகிவிட்டான். வாயிலை அடைத்து வைத்த சாதியை வழக்குமன்றத்திற்கு அழைக்க ஆளே இல்லை. ஒரு மனிதன் எரிந்தான் என்பது தெரிகிறது. எரித்தார்கள் என்பது தெரியவில்லை. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கி, அதனையும் தன்வினையாக்கி, இறுதியில் அருள்வினையாக்கிவிடுகிறது புராணம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் கொடிய வேதியர் ஒருவரைப் படைத்துச் சேர்த்தார். கொடுமை செய்வோன் ஒருவன் வேண்டும் என்பதை அவர் மனம் உணர்ந்திருக்கிறது. ஆயினும் அந்த வேதியரும் கதை முடிவில் திருந்திவிடுகிறார், தீயோ அணைவதில்லை.

சேக்கிழார் காலத்திலிருந்து ஏறத்தாழ 800 ஆண்டுகள். அந்தத் தீ ஒரு கோவில் கதவையாவது திறந்ததா? நந்தனின் மரபினருக்குச் சென்னை மாகாணத்தின் கோவில் வாயில்களைத் திறந்துவிட்டது 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம். தீக்குளித்தவன் கதை பாடப்பட்ட காலமெல்லாம் பூட்டு பூட்டாகவே தொங்கியது. சட்டம் வந்தபோது கழன்றது.

அடுத்துச் சிறுத்தொண்டர். வந்த விருந்தாளி பிள்ளைக்கறி கேட்கிறான். தாய் பிடித்துக்கொள்ள, தந்தை அரிகிறார். கறி சமைந்த பிறகு, கூப்பிட்ட குரலுக்குச் சீராளன் ஓடிவருகிறான். பிள்ளை பிழைத்துவிட்டானே என்று மகிழச் சொல்கிறது புராணம். நாம் கேட்பது வேறு: இவ்வளவுதான் கேட்கலாம், இதற்கு மேல் தெய்வமே கேட்டாலும் தரமாட்டோம் என்று சொல்ல ஓர் அடியார்கூட அந்நூலில் இல்லையே, ஏன்? கண்ணைக் கேட்டால் கண். கழுத்தைக் கேட்டால் கழுத்து. மகனைக் கேட்டால் மகன். கொடுப்பவனுக்கு எல்லையில்லை என்பதையே பெருமையாகப் பேசும் இலக்கியம் அது.

இப்படிப்பட்ட கதை நம்மிடம் மட்டும்தான் உண்டோ? இல்லை. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைக் கட்டிப் பலிமேடையில் கிடத்திய கதை யூதரின் மறைநூலில் உண்டு. ஆனால் அங்கே ஓங்கிய கத்தி தடுக்கப்படுகிறது. 'போதும், நிறுத்து' என்னும் குரல் கதைக்குள்ளேயே ஒலிக்கிறது. அந்தக் குரல் கடவுளுடையது என்று நம்புவது அவர்கள் விருப்பம். அப்படி ஒரு குரலைக் கதைக்குள் வைத்த மனிதர்களின் மனப்பான்மையே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

யூத இனம் தியாகத்தின் கேள்வியோடு ஈராயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த இனம். கி.மு. 167ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிரிய மன்னன் நான்காம் அந்தியோக்கு அவர்களின் வழிபாட்டைத் தடைசெய்தான். பன்றி இறைச்சி தின்ன மறுத்த முதியவர் எலயாசரும், ஒரு தாயும், அவள் மக்கள் எழுவரும் கொல்லப்பட்டதாக மக்கபேயர் நூல் கூறுகிறது. அங்கே கொன்றவன் மறைவதில்லை. அவன் பெயர், பதவி, செயல் மூன்றும் ஏட்டில் இருக்கின்றன. சாகும் பிள்ளைகள் அவன் முகத்துக்கு நேரே அவன் குற்றத்தைச் சொல்லிவிட்டே சாகிறார்கள்.

அதே காலத்து நிகழ்ச்சி இன்னொன்றையும் கேளுங்கள். ஓய்வுநாளில் படைக்கலம் தொடுவது பாவம் என்று நம்பிய ஒரு கூட்டம், பகைவர் தாக்கியபோது கல் ஒன்றைக்கூட எறியாமல் மாண்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர். செய்தி கேட்ட மத்தத்தியாவும் தோழர்களும் என்ன செய்தார்கள்? 'ஆகா, என்ன பக்தி!' என்று சிலை எழுப்பிவிட்டு ஓய்ந்தார்களா? அழுதார்கள், பின் அமர்ந்து எண்ணினார்கள். நாமும் இப்படியே இருந்தால் இனமே அழியும். ஆதலின் ஓய்வுநாளிலும் எதிர்த்துப் போரிடுவோம் என்று முடிவு செய்தார்கள். ஆயிரம் தியாகிகளை மதித்த அவர்கள், ஆயிரத்தோராவது தியாகி வேண்டா என்று விதியை மாற்றினார்கள். செத்தவர்க்கு இதனினும் சிறந்த மரியாதை உண்டா?

ரோமப் பேரரசின் கொடுமை உச்சத்தில் இருந்த கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இக்கேள்வி மீண்டும் எழுந்தது. லித்தா நகரில், ஒரு வீட்டின் மேல்மாடியில், யூத அறிஞர் கூடி வாக்கெடுத்து முடிவு செய்ததாகத் தால்மூத் என்னும் நூல் கூறுகிறது. 'இதை மீறு, இல்லையேல் கொல்வேன்' என்று ஒருவன் மிரட்டினால், மீறிவிட்டு உயிர் பிழைத்துக்கொள். உருவ வழிபாடு, முறைகெட்ட புணர்ச்சி, கொலை ஆகிய மூன்றில் மட்டும் உயிரைக் கொடு; மீறாதே. கட்டளைகள் 613 என்று எண்ணிப் போற்றுகிற மதம், மூன்றைத் தவிர மற்றவற்றுக்கு உயிர் கேட்கக்கூடாது என்று கோடு கிழித்தது! அரசே சமயத்தை அழிக்க முனையும் காலத்தில் சிறு வழக்கத்திற்கும் உயிர் கொடுக்கலாம் என்னும் விதிவிலக்கும் உண்டு. ஆயினும் விதி வாழ்வதே, சாவு விலக்கு. கட்டளைகள் மனிதன் அவற்றால் வாழ்வதற்கே தரப்பட்டன என்பது அவர்கள் காட்டிய காரணம். கொலையை மூன்றில் ஒன்றாக வைத்ததற்குக் காட்டிய காரணம் இன்னும் நேர்த்தியானது: தன் இரத்தம் அடுத்தவன் இரத்தத்தினும் உயர்ந்தது என்று எண்ண எவனுக்கும் உரிமையில்லை. சாதியைப் பிறப்பிலே வைத்த நம் நாட்டு நீதிநூல்கள் இந்த ஒரு காரணத்தைக் கற்றிருந்தால்!

அந்நாளில் கொல்லப்பட்டவருள் அக்கிபா என்னும் ஆசான் தலையாயவர். இரும்புச் சீப்புகளால் அவர் உடலை ரோமர் கிழித்தனர். அவர் மரணத்தைப் போற்றிய அதே மரபு, இன்னொரு கதையையும் துணிந்து வைத்திருக்கிறது. அக்கிபாவின் அறிவை முன்கூட்டியே கண்டு வியந்த மோசே, அவருக்குக் கிடைத்த முடிவையும் கண்டு, இவ்வளவு கல்விக்கு இதுதானா கைம்மாறு என்று கடவுளைக் கேட்கிறார். வாய் மூடு என்பதே விடை. விடை வெற்று அதட்டல். பகுத்தறிவுக்கு அது போதாது. ஆனால் கேள்வியை ஏட்டிலிருந்து எவரும் அழிக்கவில்லை. நந்தனைப் பற்றி அப்படி ஒரு கேள்வியைச் சேக்கிழார் எவர் வாயிலும் வைக்கவில்லையே!

மேலும் ஒன்று. கி.பி. 70இல் எருசலேம் வீழ்ந்தபின், மசாதா மலைக்கோட்டையில் முற்றுகையிடப்பட்டிருந்த 960 பேர், ரோமர் கையில் சிக்குவதினும் சாவது மேல் என்று ஒருவரையொருவர் வெட்டி மாண்டதாக யோசிபஸ் எழுதினார். இத்தகைய வீரக்கதையைத் தால்மூத் எத்தனை பக்கம் பாடியிருக்கும்? ஒரு வரிகூட இல்லை. அது விரும்பிச் சொல்வது யோகனான் என்னும் ஆசானின் கதையை. முற்றுகைக்குள் இருந்த எருசலேமிலிருந்து, செத்தவர்போல் சவப்பெட்டியில் படுத்து வெளியேறி, ரோமத் தளபதியிடம் சென்று, யவ்னே ஊரையும் அதன் அறிஞரையும் அவர் கேட்டுப் பெற்றாராம். ஒரு பக்கம் 960 பிணங்கள். மறு பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அந்த மரபு பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தது. நாடிழந்த இனம் நூலோடு நிலைத்தது அதனால்தான்.

இவ்வளவு சொல்வதால், யூத மரபைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. அங்கும் எல்லை உடைந்த நாள்கள் உண்டு. 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கும்பல்கள் ரைன் ஆற்றங்கரையின் வோர்ம்சு, மைன்சு நகர்களில் யூதரைச் சூழ்ந்தபோது, மதம் மாற மறுத்த பெற்றோர் தம் பிள்ளைகளைத் தம் கையாலேயே கொன்று, பின் தாமும் மடிந்தனர். எபிரேய ஏடுகள் அதனை ஈசாக்கின் பலிக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தன. கதையில் தடுத்த குரல், ரைன் கரையில் தடுக்கவில்லை. பிள்ளைக்கு ஏது மதம்? சீராளனுக்காகக் கேட்பதையே அந்தக் குழந்தைகளுக்காகவும் கேட்போம். ரோமர் கொன்ற பதின்மரின் கதையிலும், பண்டு யோசேப்பை விற்ற பத்து உடன்பிறந்தாரின் பாவத்திற்கு இவர்கள் ஈடு செலுத்தினர் என்று ஒரு விளக்கம் பிற்காலத்தில் நுழைந்தது. கொன்றவனை மறைத்துச் செத்தவனையே கடனாளி ஆக்கும் சூழ்ச்சி எந்த மதத்தையும் விட்டுவைப்பதில்லை. 20ஆம் நூற்றாண்டில் இசுரேலிய அரசு, பழைய அறிஞர் பேசாது விட்ட மசாதாவையே படைவீரர் உறுதிமொழி எடுக்கும் மேடையாக்கியது. அரசுக்குப் பள்ளிக்கூடத்தினும் பிணமேடை பயன்படும் என்பதற்கு அது சான்று.

ஆயினும் எல்லையை மீண்டும் நாட்டிய அறிஞரும் அங்கே தோன்றினர். 12ஆம் நூற்றாண்டில் அல்மோகதுகள் யூதரை வாளைக் காட்டி மதம் மாற்றியபோது, மாறியோர் அனைவரும் கெட்டனர் என்று ஒரு சமயவாதி தீர்ப்பளித்தார். இளைஞர் மைமோனிடீஸ் சீறி எழுதினார்: வெறும் சொல்லை உச்சரிக்கச் சொல்பவனுக்காகச் சாக வேண்டியதில்லை; சொல்லிவிட்டுப் பிழைத்து, அந்நாட்டை விட்டு வெளியேறு. பின்னர்த் தாம் தொகுத்த சட்டநூலில் இன்னும் ஒரு படி சென்றார். சாக வேண்டாத இடத்தில் சாகிறவன் தன் உயிருக்குத் தானே குற்றவாளி என்றார். தியாகத்தைப் புகழ்வதற்கு எந்தப் புலவனும் போதும். தேவையற்ற தியாகத்தைக் குற்றம் என்று சொல்ல ஒரு மைமோனிடீஸ் வேண்டும்.

தியாகிகள் தோன்றுவது பக்தியின் மிகுதியாலா? பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கொச்சிக்குப் போய்ப் பாருங்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் நிற்கிறது. அவர்களும் அதே நூலைப் படித்தவர்களே. அதே ஓய்வுநாளைக் காத்தவர்களே. 1662இல் போர்த்துக்கீசியர் அக்கூடத்திற்குத் தீயிட்டது போன்ற இடர்கள் நேர்ந்தன. எனினும் ரைன் கரைபோல் ஒரு பிணக்காடு அங்கே விளையவில்லை. பக்தி குறைந்ததாலா? இல்லை. கொச்சி மன்னர் அவர்களைக் கொல்லவில்லை, காத்தார், அதனால். தியாகியைப் படைப்பது கடவுளன்று; கொலைகாரன். ஆகவே தியாகியின் கதையிலிருந்து கொலைகாரனை நீக்கினால், எஞ்சுவது வரலாறன்று, புராணம்.

இப்போது கொங்கு மண்ணுக்குத் திரும்புவோம். இதே உரைகல்லில் நம் மேடையை உரைப்போம்.

1939இல் சென்னைச் சிறையில் அடைபட்டு, நோயுற்று உயிர்நீத்த நடராசனும் தாலமுத்துவும் மொழிப்போரின் முதல் ஈகியர். மன்னிப்பு எழுதிக்கொடுத்தால் விடுதலை என்றபோது நடராசன் மறுத்தார். அவர் சாவைத் தேடவில்லை. தலை குனிய மறுத்தார். சாவு அரசின் சிறையில் வந்தது. கொன்றவன் யார் என்பதில் ஐயம் இல்லை.

1964 சனவரி 25இல் திருச்சியில் கீழப்பழுவூர்ச் சின்னசாமி தீக்குளித்ததும், 1965இல் தண்டபாணி, முத்து உள்ளிட்ட பலர் தம்மை மாய்த்துக்கொண்டதும் வேறு வகை. அவர்தம் தமிழ்ப்பற்றின் தூய்மையை ஐயுறும் நாக்கு நமக்கு இல்லை. அவர்தம் சாவு கல்மனங்களையும் கரைத்தது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் சனவரி 25இல் நடக்கும் வீரவணக்கக் கூட்டங்களில் என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். தம்மை எரித்துக்கொண்டோரின் பெயர்கள் வரிசையாக ஒலிக்கின்றன, சிலிர்க்கிறோம். பொள்ளாச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டவர் பெயர்களில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால்? சொற்பொழிவாளர் திகைக்கிறார். அந்தப் போராட்டத்தில் மாண்டோர் 70 பேர் அளவில் என்றது அரசுத் தரப்பு. பல நூறு என்றனர் மக்கள். அவருள் பெரும்பாலோர் சுடப்பட்டவர்கள். தீக்குளித்தோர் பெயர் நிலைத்தது. சுடப்பட்டோர் பெயர் கரைந்தது. அதன் விளைவு என்ன? சுட்டவனும் கரைந்துபோனான்! நந்தன் கதையில் எது நேர்ந்ததோ, அதுவே நம் கதையிலும் நேர்ந்துகொண்டிருக்கிறது. எரிந்தான் என்பது நினைவில். சுட்டார்கள் என்பது மறதியில்.

வென்றது எது என்பதையும் எண்ணுங்கள். 1965 பிப்ரவரி 11இல் சுப்பிரமணியமும் அளகேசனும் நடுவண் அமைச்சர் பதவியை விட்டு விலக முன்வந்ததும், அன்றே பிரதமர் சாசுத்திரி வானொலியில் உறுதி கூறியதும், மாநிலமெங்கும் கல்லூரி கல்லூரியாக எழுந்த மாணவர் திரளால். 1967இல் ஆட்சி மாறியது வாக்குச்சீட்டால். 1968 சனவரியில் இருமொழிக் கொள்கை வந்தது சட்டமன்றத் தீர்மானத்தால். உயிரோடு இருந்த இலட்சக்கணக்கானோர் செய்த வேலை இது. செத்தவர்க்கு உரிய கண்ணீரைச் செலுத்துவோம். வாழ்ந்தவர்க்கு உரிய கணக்கையும் செலுத்துவோம்.

அந்தத் தீ 1965ஓடு அணைந்துவிடவில்லை. 2009 சனவரி 29இல், ஈழத்தமிழர்க்காகச் சென்னையில் முத்துக்குமார் தீக்குளித்தார்; 2022 நவம்பரில், இந்தித் திணிப்பை எதிர்த்து மேட்டூர் அருகே 85 வயது முதியவர் ஒருவர் தீக்குளித்தார். ஒவ்வொரு முறையும் தலைவர்கள், இனி எவரும் இப்படிச் செய்யவேண்டா என்று வேண்டிக்கொண்டதுண்டு. வேண்டுகோள் வேறு, விதி வேறு. வேண்டுகோள் சாவுக்குப் பின் வருவது. விதி சாவுக்கு முன் நிற்பது. லித்தாவின் மேல்மாடியில் வகுத்தது விதி. பகுத்தறிவு இயக்கத்திடம் அப்படி ஒரு விதி எழுத்தில் உண்டா? மேடைத் தமிழுக்குத் தீயைப்போல் பிடித்த உவமை வேறில்லை. உவமையை உவமை என்று எடுத்துக்கொள்ளாத ஓர் இளைஞன் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கக்கூடும் என்பதை எண்ணிப் பேசும் பேச்சாளர் எத்தனை பேர்?

ஆகவே நாம் சொல்வது இது. பகைவன் கையால் சாவு வந்தால், நடராசனைப்போல் தலை குனியாதிருப்போம். நம் கையால் அதனை அழைத்து வாரோம். அழைப்பவனைத் தடுப்பதைக் கட்சிக் கட்டுப்பாடாகவே கொள்வோம். மறைந்தோரை வணங்கும் ஒவ்வொரு மேடையிலும், வாழ்வதே போராளியின் முதல் கடமை என்னும் விதியையும் படிப்போம். கோவில் தீயை வினவத் தெரிந்த நமக்கு, மேடைத் தீயையும் வினவத் தெரிய வேண்டும்.

கோவை இளைஞர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. அடுத்த சனவரி 25க்குள் பொள்ளாச்சிக்குச் செல்லுங்கள். அந்நாளைய நாளேடுகளைப் புரட்டுங்கள். இறப்புப் பதிவேடுகளைத் தேடுங்கள். அன்று தெருவில் நின்ற முதியவர் உயிரோடிருக்கும்போதே அவர்களைக் கேளுங்கள். சுடப்பட்டவர் பெயர், வயது, தொழில், சுட ஆணையிட்ட அதிகாரம் எது என்பது வரை எழுதி வாருங்கள். அந்தப் பட்டியலைக் காந்திபுரத்து மேடையில் முதலில் படிப்போம். கொன்றவனின் கணக்கைத் தீர்க்காமல் செத்தவனுக்கு மாலை சூட்டுவது புராணத்தின் வேலை. நமக்கு வேலை வரலாறு.